சாமியைப் படம் பிடிக்கப் போன ஆறு நாள்

ஜொகூர் பாலத்துச் சாவடியில் என் தகரப் பெட்டியைத் திறந்தார்கள். இரண்டு வேட்டி, ஒரு சட்டை, சவரக் கத்தி, ஜெபமாலை, மனைவி சுட்டுத் தந்த கேழ்வரகு ரொட்டி நான்கு. அடியில் பதினொரு பக்கக் கையெழுத்துப் பிரதி. ஜப்பானியச் சிப்பாய் ரொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தான். பிரதியை மட்டும் கையில் எடுத்தான். தலைகீழாகப் பிடித்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினான். அவனுக்குப் பின்னால் ஒரு சீனர் தலைக்கு மேல் கல்லைத் தூக்கிப் பிடித்தபடி வெயிலில் நின்றார். நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பதினோராம் பக்கம் வரை திருப்பி முடித்துப் பெட்டிக்குள் எறிந்தான். போகலாம் என்று புரிந்துகொள்ள எனக்குச் சற்று நேரம் ஆனது.

அது திங்கள்கிழமை. நான் சிரம்பானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, தலைமைக் கணக்கன். இருபது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறவன். ஆனால் அந்த வாரத்துப் பக்கங்களில் சாப்பாடும் மழையும் மட்டும்தான் இருக்கின்றன. மற்றதை எழுதப் பயம். இப்போது அந்தச் சாப்பாட்டுக் குறிப்புகளைப் பிடித்துக்கொண்டுதான் மீதியை நினைவுக்குக் கொண்டுவருகிறேன்.

நான் போனது மைத்துனர் அருளப்பனின் கடிதத்தால். சிராங்கூன் ரோட்டில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். சண்டைக்கு முன் வாங்கிய சிறிய சினிமாக் காமிரா ஒன்றும், பிரிக்காத பிலிம் சுருள் மூன்றும் அவரிடம் இருந்தன. "இன்னொரு மழைக்காலம் தாங்காது, பூஞ்சை பிடித்துவிடும். அந்தோணியம்மாள் கதையை எடுத்துக் கோவில் பள்ளிக்கூடத்தில் போட்டுக் காட்டினால் சனங்களுக்குத் தெம்பாக இருக்கும். எழுதிக்கொண்டு வரவும்" என்று எழுதியிருந்தார்.

அந்தக் கதை எனக்குத் தெரியும். முந்தின வருடம் மாமியார் இறந்த துக்கத்துக்கு வந்தபோது அந்தோணியம்மாள் வாயாலேயே கேட்டு, சொன்னது சொன்னபடி குறித்துக்கொண்டிருந்தேன்.

தேக்காவில் இறங்கியபோது மதியம். சிங்கப்பூர் என்ற பெயரை சியோனான் என்று மாற்றியிருந்தார்கள். கடிகாரங்களும் தோக்கியோ நேரத்துக்கு மாறியிருந்தன. சூரியன் ஒரு நேரம் சொன்னது, என் கைக்கடிகாரம் ஒன்றரை மணி கூட்டிச் சொன்னது. அருளப்பன் ரோட்டோரம் காத்திருந்தார். பாதி உடம்பாக இருந்தார்.

"என்ன மச்சான், இளைச்சிட்டீங்க" என்றார் அவர்.

"நான் கேக்க வேண்டியது மாப்ளே அது."

சாப்பாடு: ஊபி காயு எனும் மரவள்ளிக் கிழங்கு வேகவைத்தது, காங்கோங் கீரை, செம்பனை எண்ணெயில் வதக்கிய நெத்திலி ஆறு. எங்கள் தோட்டத்திலும் மரவள்ளிதான். ஆனால் அங்கே தேங்காய் கிடைக்கும். இங்கே அந்தச் சிவப்பு எண்ணெயின் வாடை சாப்பிட்டு முடித்த பிறகும் விரலை விடவில்லை. காப்பி என்று கொடுத்தது வறுத்த சோளம்.

செவ்வாய்க்கிழமை அனுமதி வாங்கப் போனோம். அனுமதி இல்லாமல் வீதியில் காமிராவைத் தூக்கினால் வேவுக்காரன் என்று கொண்டுபோய்விடுவார்கள். கொண்டுபோனவர்களைப் பற்றி யாரும் குரலை உயர்த்திப் பேசுவதில்லை.

டிராலி பஸ் பாதி வழியில் நின்றது. மேலே மின்கம்பியிலிருந்து கழி விலகிவிட்டது. நின்ற இடம் ஒரு காவல் சிப்பாய்க்கு நேர் எதிரே. காவலில் நிற்பவனைக் கண்டால் குனிந்து வணங்குவது சட்டம். இறங்கி நின்ற நாற்பது பேரும் வரிசையாகக் குனிந்தோம். கழியை மாட்டியதும் ஏறப் போனோம். மறுபடி குனியாமல் போகலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. முன்னால் நின்ற மலாய்க்காரர் ஒருவர் குனிந்தார், உடனே எல்லாரும் குனிந்தோம். சிப்பாய் சிரித்தான். பஸ்ஸுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

படம், நாடகம் எல்லாவற்றுக்கும் அனுமதி தரும் அலுவலகம் கடற்கரைப் பக்கம் இருந்தது. அங்கே மொழிபெயர்ப்பாளர் கனகசபை. யாழ்ப்பாணத்துக்காரர், காத்தோங்கில் குடியிருந்தார். முன்பு ஆங்கில அரசாங்கத்தில் கிளார்க்காக இருந்தவர். ஆறு மாதம் ஜப்பானியம் படித்து இந்த வேலைக்கு வந்திருந்தார். சட்டை வெளுத்து, காலர் திருப்பித் தைத்திருந்தது. என் பதினொரு பக்கத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"மிஸ்டர் சவரிமுத்து, ஒரு பக்கத்துக்கு மேல வாங்க மாட்டினம். சுருக்கித் தாருங்கோ. நான் ஜப்பானியத்தில எழுதிக் குடுப்பன்."

கதை இதுதான். சிங்கப்பூர் விழுவதற்கு முன் விழுந்த குண்டுகளில் ஒன்று எங்கள் மாதா கோவில் கூரையைப் பிளந்தது. வயதான பங்குச்சாமியாரைக் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். பிறகு அவர் பிழைக்கவில்லை. தூக்கிப்போகும்போது, கோவில் துணி வெளுக்கும் அந்தோணியம்மாளைக் கூப்பிட்டு, பீடத்துப் பேழையில் இருக்கும் நற்கருணையைக் காப்பாற்றச் சொன்னார். மந்திரித்த அந்தச் சிறிய வட்ட அப்பம் ஆண்டவரின் உடல் என்பது எங்கள் விசுவாசம். குரு அல்லாதவர் கை அதைத் தொடக்கூடாது. அந்த அம்மாள் அதை எடுத்துத் தன் அறைக்குக் கொண்டுபோய், அரிசி டின்னுக்குள் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மூன்று நாள் முழந்தாளிலேயே காவல் இருந்தார். நாலாம் நாள் வேறு ஒரு குரு வந்து வாங்கிக்கொண்டார்.

மேசை ஓரத்தில் நின்றபடியே சுருக்கினேன். பெயர்கள் சரியா, நாட்கள் சரியா என்று இரண்டு முறை பார்த்தேன். அந்த அம்மாள் சொன்ன சொற்களையே வைத்துக்கொண்டேன். இடம் போதாததால் டின்னை விட்டுவிட்டேன். எழுதிக் கொடுத்தது இது:

"கோவில் கூரை விழுந்தது. அந்தோணியம்மாள் சாமியைத் தன் அறைக்குக் கொண்டுபோய் மூன்று நாள் ஒளித்து வைத்தார். யாரையும் உள்ளே விடவில்லை. சாமிக்குப் பக்கத்தில் முழந்தாளிலேயே இருந்தார். நாலாம் நாள் சாமி கோவிலுக்குத் திரும்பினார்."

கனகசபை படித்துத் தலையாட்டினார். "வடிவா எழுதியிருக்கிறியள்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

புதன்கிழமை காலை ராகிக் கூழ். மழை இரண்டு மணி நேரம். மழை விட்டதும் கோவில் முற்றத்தில் ஒத்திகை பார்த்தோம். காமிராவில் பிலிம் போடவில்லை. அந்தோணியம்மாள் தன் வேடத்தில் தானே நடிக்க ஒப்புக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சலவைச் சோடாவில் வெந்த கைகள்.

"நேரா நடந்து வாங்கக்கா" என்றார் அருளப்பன்.

"நேராத்தானே வர்றேன்."

"காமிராவப் பாக்காதீங்க."

"அது என்னையப் பாக்குது. நான் பாக்கக்கூடாதா?"

"பயந்து ஓடி வர்ற மாதிரி வரணும்."

"அன்னைக்கு நான் ஓடலையே தம்பி. ஓடுனா சாமி குலுங்காதா? மெதுவாத்தான் வந்தேன் லா."

அருளப்பன் என்னைப் பார்த்தார். நான் பிரதியில் 'ஓடி' என்பதை அடித்து 'மெதுவாக' என்று திருத்தினேன்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கனகசபை ஸ்டூடியோவுக்கு வந்தார். காத்தோங்கிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். டயருக்குப் பதில் ரப்பர் குழாய் கட்டிய சைக்கிள். வேர்வையில் சட்டை முழுக்க நனைந்திருந்தது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"ஒரு விசயம் கேக்கிறன். நீங்கள் எழுதின சாமி, அது ஆர்?"

"ஆண்டவர். நற்கருணை."

"நான் ஷிம்பு எண்டு எழுதிப்போட்டன். ஷிம்பு எண்டால் பாதிரியார். வேதக்காரர் தங்கட பாதிரிமாரைச் சாமி எண்டு கூப்பிடுறவை எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சபடியாத்தான் அப்பிடி எழுதினன்."

அருளப்பன் கதவைச் சாத்தினார்.

அவர் சொன்னது இவ்வளவு. முகாமில் அடைக்க வேண்டிய வெள்ளைக்காரச் சாமிமார் பட்டியலில் ஒரு பெயருக்கு ஆள் அகப்படவில்லை. அனுமதி அலுவலகத்து ஜப்பானிய அதிகாரி கனகசபையின் தாளைப் படித்துவிட்டு, ஒரு பொம்பிளை ஒரு சாமியை மூன்று நாள் ஒளித்து வைத்ததை இவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று இரண்டு முறை சொன்னாராம். பிறகு அந்தோணியம்மாள் எங்கே இருக்கிறார் என்று கேட்டாராம்.

"சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"தாளில இருக்குதே. நீங்கள் முழு விலாசமும் போட்டிருக்கிறியள்."

தாளின் அடியில் போட்டிருந்தேன். கதவு எண் உட்பட. யாரும் கேட்கவில்லை. என் பழக்கம்.

"பிழையெண்டு போய்ச் சொல்லுங்களேன்" என்றார் அருளப்பன்.

கனகசபை வாசல் பக்கம் பார்த்தார். "போன மாசம் மலாய்ப் பக்கத்து மொழிபெயர்ப்பாளர் ஒரு பிழை விட்டவர். அவர் எங்க எண்டு தெரியேல்லை. எனக்கு நாலு பிள்ளையள்" என்றார்.

அந்தப் பிழை என்னுடையது என்று நானே எழுதித் தருகிறேன் என்றேன். எழுதினேன். நான்கு வரி. காலையில் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள், நான் மொழிபெயர்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கனகசபை போனார்.

அந்தோணியம்மாளிடம் சொல்லி, ஜொகூருக்கு அனுப்பிவிடலாம் என்று அருளப்பன் கிளம்பினார். நானும் போனேன். கம்போங் கப்போர் சந்தில் ஒரு பின்னறை. கேட்டுவிட்டு அந்த அம்மாள் அடுப்பில் ஊதிக்கொண்டே இருந்தார்.

"ஓடிப்போனா ஒளிச்சு வச்சது நெசம்னு ஆயிடும்ல?"

"நெசந்தானேக்கா."

"நெசந்தான். ஆனா அவங்க நெனைக்கிற நெசம் இல்லையே. உக்காருங்க, கூழு இருக்கு."

அந்தக் கூழைச் சாப்பிட்டேனா என்று நாட்குறிப்பில் இல்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துப் புறப்பட்டோம். போகும் வழியில், அந்தோணியம்மாளின் சந்து முனையில் ராணுவ மோட்டார் நின்றிருந்தது. அவர்கள் எங்களை முந்திவிட்டார்கள்.

உள்ளே போகாமல் திரும்பியிருக்கலாம். ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன். அருளப்பன் நடந்துகொண்டே இருந்ததால் நானும் நடந்தேன்.

அறையில் அதிகாரி, துப்பாக்கியோடு ஒரு சிப்பாய், கனகசபை. அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. கட்டிலை இழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு ஆள் ஒளியும் இடம் அந்த அறையில் எங்குமே இல்லை. அதுவே அவருக்குக் கோபத்தைக் கூட்டியது. எங்கே வைத்தாய் என்று கேட்டார். கனகசபை தமிழில் கேட்டார். அந்த அம்மாள் மூலையிலிருந்து அரிசி டின்னை எடுத்து நடுவில் வைத்து மூடியைத் திறந்தார்.

"இதுலதான்."

அதிகாரி டின்னைப் பார்த்தார். முழங்கால் உயரம்கூட இல்லை. தன்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தார் போலும். பூட்ஸ் காலால் அதைத் தள்ளினார், அது சுவரில் மோதிச் சாய்ந்தது. என் கை சட்டைப் பையின் மேல் இருந்தது. உள்ளே போகவில்லை. கடிதத்தை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கை அசையவில்லை. இதை உள்ளபடி எழுத வேண்டியிருக்கிறது.

"மூன்று நாள் எப்பிடி இருந்தனீங்கள் எண்டு செய்து காட்டட்டாம்" என்றார் கனகசபை. "முழங்காலில நிக்கட்டாம்."

அந்தோணியம்மாள் டின்னை நிமிர்த்தி வைத்தார். அதன் முன்னால் நின்றார். மண்டியிடவில்லை.

"அம்மா, நில்லுங்கோ அம்மா, முழங்காலில" என்று கனகசபை கெஞ்சினார்.

"எதுக்கு? உள்ள ஒண்ணும் இல்லையே. வெறும் டின்னுக்கு நான் முட்டி போட மாட்டேன்யா. சாமி இருந்தாத்தான் போடுவேன்."

சிப்பாய் துப்பாக்கிக் கட்டையைத் திருப்பிப் பிடித்தான். அதிகாரி கையைத் தூக்கி அவனை நிறுத்திவிட்டுக் கனகசபையிடம் ஒரு சொல் கேட்டார். என்ன சொன்னாள் என்றுதான் இருக்க வேண்டும்.

கனகசபை என்னைப் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு ஒரே ஒரு சொல்தான் பிடிபட்டது. அது சாமி என்றே முதலில் காதில் விழுந்தது. மறுபடி சொன்னார். கமி.

"கமி?" என்றார் அதிகாரி.

கனகசபை டின்னைக் காட்டினார். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து ஒரு சிறிய வட்டம் செய்து காட்டினார். "கமி."

கடவுளுக்கு அவர்கள் மொழியில் அதுதான் சொல் என்று பிறகு அவரே சொன்னார்.

அதிகாரி பையிலிருந்து தாளை எடுத்தார். கனகசபையின் கையெழுத்து. ஓர் இடத்தில் விரல் வைத்து, "ஷிம்பு?" என்றார். கனகசபை இடுப்பு வரை குனிந்தார். நிமிரவில்லை. அதிகாரி அவர் முடியைப் பிடித்து நிமிர்த்தி இரண்டு கன்னத்திலும் அறைந்தார். கண்ணாடி போய்க் கட்டிலுக்கு அடியில் விழுந்தது.

அப்போதுதான் என் கை அசைந்தது. கடிதத்தை நீட்டி, "என் பிழை" என்றேன். தமிழில் சொன்னேன். மொழிபெயர்க்க வேண்டியவர் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். அதிகாரிக்குப் புரிந்ததோ இல்லையோ, என்னையும் அறைந்தார். இடது கன்னம், ஒரு முறை.

பிறகு அதிகாரி டின்னுக்குப் பக்கத்தில் குந்தினார். உள்ளே பார்த்தார். மூடியை எடுத்து மூடினார். இரண்டு கையாலும் தூக்கி மூலையில் இருந்த இடத்திலேயே வைத்தார். எழுந்து, கனகசபையிடம் சில வாக்கியங்கள் சொல்லிவிட்டு வெளியே போனார்.

"படத்துக்கு அனுமதி இல்லையாம்" என்றார் கனகசபை. உதடு கிழிந்திருந்தது. "காமிராவை நாளைக்குக் காலமை கோவிலடியில வச்சிருக்கட்டாம். தன்னை எடுக்க வேணுமாம். ஊரில இருக்கிற தாய்க்கு அனுப்புறதுக்கு."

அந்தோணியம்மாள் ஈரத்துணி கொண்டுவந்து அவரிடம் கொடுத்தார். "கண்ணாடி உடையலய்யா. இந்தாங்க."

"நீங்கள் முழங்காலில நிண்டிருந்தா இவ்வளவும் இல்லையே அம்மா."

"நின்னிருந்தா உங்களுக்கு அந்தச் சொல்லு வந்திருக்காது."

கனகசபை சிரிக்கப் பார்த்தார். உதடு வலித்ததால் நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி சலவை செய்த உடுப்போடு வந்தார். அருளப்பன் மூன்று சுருளில் ஒன்றைப் போட்டார். அதிகாரி கோவில் வாசலில் நின்றார், தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். மாமரத்துக்கு அப்பால் பார்த்தார். கொஞ்சம் நடந்தார். நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிமிடம் சொன்னேன். மூன்றரை நிமிடம் ஆனபோது சலவைக் கூடையோடு அந்தோணியம்மாள் பின்கட்டிலிருந்து வந்தார். முற்றத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாரா தெரியாது. கொடியில் துணி போட ஆரம்பித்தார். அதிகாரி நிறுத்தச் சொல்லவில்லை, ஏனென்றால் அவர் முதுகு அந்தப் பக்கம். அருளப்பனும் நிறுத்தவில்லை. பிலிம் தீரும் வரை காமிரா ஓடியது. போகும்போது அதிகாரி மற்ற இரண்டு சுருளையும் எடுத்துக்கொண்டார்.

"மச்சான், அக்காவும் படத்துல விழுந்துட்டாங்க" என்றார் அருளப்பன், மோட்டார் சத்தம் மறைந்த பிறகு. "கடைசில இந்தாள் ஓரமாப் போயிட்டார். அக்கா மட்டுந்தான்."

"அதை வெட்டிடு, நமக்கு இருக்கட்டும். கேட்டா பிலிம் முடிஞ்சதுன்னு சொல்லலாம்."

"சுருளோட அடி கணக்குப் பாத்தா?"

அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை என்று நாட்குறிப்பில் இருக்கிறது.

சனிக்கிழமை பத்து மணிக்குச் சுருள் கழுவிக் காய்ந்திருந்தது. கனகசபை அதிகாரிக்கு எடுத்துப் போக மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார். என் ரயில் அதற்குப் பிறகு. அருளப்பன் கடைசி ஆறு அடியைக் கத்தரித்து, அடிக்கோலால் அளந்து, என்னிடம் காட்டினார். பதினைந்து வினாடி ஓடும். இருட்டறையில் கையால் சுழற்றும் புரொஜெக்டர் இருந்தது. சுவரில் ஒரு பழைய காலண்டரைத் திரையாகத் திருப்பி மாட்டினோம். அந்தோணியம்மாளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கதவைத் தாழிட்டோம்.

முதல் முறை ஓட்டியபோது வெளியே லாரி ஒன்று வந்து நின்ற சத்தம் கேட்டது. அருளப்பன் கையை நிறுத்தி விளக்கைப் பொத்தினார். யாரோ எதையோ இறக்கினார்கள், சீனத்தில் திட்டிக்கொண்டார்கள், லாரி போய்விட்டது.

மறுபடி ஓட்டினார். கொடியில் நாலு துணி. அந்தோணியம்மாள் ஐந்தாவதை உதறிப் போடுகிறார். ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறார். முடிந்தது.

"அக்கா, நல்லா விழுந்திருக்கீங்க" என்றார் அருளப்பன்.

அந்தோணியம்மாள் படத்தில் தன்னைப் பார்த்திருக்கவில்லை. காலண்டருக்கு அருகே போய், துணி தெரிந்து மறைந்த இடது பக்கத்தில் விரலை வைத்தார்.

"இந்த மூணாவது துணி இருக்கே தம்பி. அதுலதான் சாமியச் சுத்தி எடுத்துட்டு வந்தேன். கை படக்கூடாதுன்னு."

இது என் பதினொரு பக்கத்தில் இல்லை. எப்படி எடுத்தீர்கள் என்று நான் கேட்கவே இல்லை.

கனகசபை வர இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அருளப்பன் பிலிமை மறுபடி மாட்டினார். இந்தத் தடவை நாங்கள் மூவரும் மூன்றாவது துணியைப் பார்த்தோம்.